வல்லை வெளியில் ஒரு காலைப்பொழுது

ஏரியும் மலையும் சூழ்ந்த ஓரிடத்தில் இரண்டொரு நாள் தங்கிப் பறவைகளைப் பார்த்துவர வேண்டும் என்பது பலருக்கும் உள்ள ஆசை. நம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ மலை கிடையாது. பெயரளவில் ஒரு கீரிமலை உண்டு. அங்கே செல்வோரும் கேணியில் நீராடித் திரும்புவரேயன்றி மலை ஏறுவதில்லை. ஆயினும் நீர்ப்பறவைகளுக்கு மலை எதற்கு? ஆழமற்ற நீரும் அமைதியும் இருந்தாற் போதும். அவ்விரண்டும் அச்சுவேலியிலிருந்து சில கட்டை தூரத்திலேயே இருப்பதை, சென்ற தை மாதத்து விடுமுறை நாளொன்றிலேதான் நாம் கண்டுகொண்டோம்.

வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரித்துக் கிடப்பது தொண்டைமானாற்றுக் கடனீரேரி. சோழர் படைத்தலைவனான தொண்டைமான் வெட்டுவித்த வாய்க்காலே அதற்குப் பெயர் தந்தது என்பது நம்மவர் வழக்கு. அதன் குறுக்கே வீதி செல்லும் இடந்தான் வல்லை வெளி. அங்கே ஒதுங்க நிழலில்லை. காற்றோ சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளும். முனியப்பர் கோயிலடியில் சற்றே நின்று, உண்டியலில் ஒரு நாணயத்தை இட்டுக் கும்பிட்டு, விரைவாகக் கடந்துவிடுவதே வழக்கம். நாமும் எத்தனையோ முறை அவ்வாறு கடந்திருக்கிறோம். ஒரு முறையேனும் நின்று பார்த்ததில்லை.

அன்று செல்வச் சந்நிதி முருகனைத் தரிசிக்கப் புறப்பட்ட அன்னையாருடனும், கொழும்பிலிருந்து வந்திருந்த பத்து வயது மருமகனுடனும் அதிகாலையிலேயே ஓட்டோவில் சென்று, பாலத்தருகே இறங்கினோம். கையில் இரவல் வாங்கிய தொலைநோக்கி ஒன்று. மாரி மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கியிருந்தது. சேற்றோரத்திலே நெடுங்கால் உள்ளான்கள் அளந்து அளந்து நடந்தன. ஆலாக்கள் அம்புபோல் நீரில் பாய்ந்து மீனுடன் எழுந்தன. அப்பால் ஊசிவால் வாத்துகள் கூட்டமாய் மிதந்தன. அவற்றுக்கும் அப்பால், வெண்மையும் இளஞ்சிவப்புமாய் ஒரு நீண்ட வரிசை: பூநாரைகள்!

"ஏன் மாமா, தலைகீழாகச் சாப்பிடுகின்றன?" என்றான் சிறுவன்.

பூநாரையின் அலகோரம் சீப்புப் போன்றது. அது தலையைக் கவிழ்த்து, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். நுண்ணிய பாசியும் சிற்றிறால்களும் அச்சீப்பில் தங்கிவிடும். அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே இறகைச் சிவப்பாக்குகிறது; குஞ்சுகள் சாம்பல் நிறமானவை. இவற்றை எடுத்துக் கூறினோம். ஊசிவால் வாத்துகள் வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சி, ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகின்றன என்றும் சொன்னோம். இத்தகைய பறவைகளுக்காகவே, நமக்குத் தென்கிழக்கேயுள்ள சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவாகவும் உயர்த்தப்பட்டது.

சிறுவன் பொறுமையாகக் கேட்டான். ஆனால் பறவைகள் மேய்ந்துகொண்டே நின்றது அவனுக்குச் சலிப்பூட்டிற்றுப் போலும். அவை யாவும் ஒருங்கே எழுந்து பறந்தால் எவ்வளவு அழகாயிருக்கும்! குனிந்து கல்லொன்றை எடுத்து, நீர் விளிம்பை நோக்கி ஓடினான். உண்மையைச் சொல்வதானால், நாமும் அவனைத் தடுக்கவில்லை. அக்காட்சியைக் காண நமக்கும் ஆசைதான்.

"தம்பி, எறியாதை!"

திரும்பிப் பார்த்தோம். ஓட்டோவில் அமர்ந்திருந்த அன்னையார் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"சாப்பாட்டிலை இருக்கிறதுகளை எழுப்பக்கூடாது ராசா. நாங்கள் அப்பிடி எழும்பி ஓடின ஆக்கள்."

1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அன்று நமக்கும் இச்சிறுவனின் வயதுதான். பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே விட்டுவிட்டு, இதே வல்லை வெளியைத்தான் கால்நடையாகக் கடந்தோம். எறிகணை ஓசை நினைவிருக்கிறது. அன்னையாரின் சேலைத் தலைப்பைப் பற்றியிருந்ததும் நினைவிருக்கிறது. அன்று நீரில் பறவைகள் நின்றனவா என்பது மட்டும் நினைவிலில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்நாளைப் பற்றி அன்னையார் ஒரு சொல்லும் பேசியதில்லை.

பறவைகளைக் கலைப்பது சிறு விளையாட்டென்றே நாம் எண்ணியிருந்தோம். நெடுந்தூரம் பறந்து இளைத்து வந்தவை, திரும்பிச் செல்வதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை அஞ்சி எழும்போதும் அச்சேமிப்பில் ஒரு பங்கு கரைகிறது. இதனை நூல்களில் நாம் படித்ததுண்டு. அன்னையாரோ படிக்காமலே அறிந்திருந்தார்.

சிறுவன் கல்லைக் கீழே போட்டான். சற்றுநேரம் மௌனமாயிருந்து, "பிறகு எப்ப அம்மம்மா சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டான்.

"அடுத்த நாள் பின்னேரம். நெல்லியடியிலை ஒரு வீட்டுக்காரர் கஞ்சி தந்தவை. ஆரெண்டும் தெரியாது."

சந்நிதியில் கற்பூரம் கொளுத்தி, நண்பகலில் அதே வழியாகத் திரும்பினோம். முனியப்பர் கோயிலடியில் நாணயமிட்ட பின்பும், ஓட்டோக்காரரைச் சற்றே காத்திருக்கச் சொன்னோம். தொலைநோக்கி இப்போது அன்னையாரின் கையில் இருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் சாப்பிடுதுகள்," என்றார்.