பேஸ் பெட்டியின் ஓரத்தில்

மெல்லிசைக் கச்சேரி என்ற சொல்லை இலக்கிய நண்பர்களின் கூட்டத்தில் உச்சரித்துப் பாருங்கள். ஒரு மெல்லிய புன்னகை எழும். கர்நாடக இசைக்குச் சபாக்களும் விமரிசகர்களும் உண்டு. நாட்டாரிசைக்குப் பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்வேடுகளும் உண்டு. திரையிசையைப் பற்றியும் தீவிரமான எழுத்து வரத் தொடங்கி வெகுகாலமாகிவிட்டது. ஆனால் திருவிழா இரவில் மேடையேறி அதே திரையிசையை மறுபடியும் வாசிக்கும் ஏழெட்டுப் பேரைப் பற்றி எழுத எவரும் முன்வருவதில்லை. நகலைப் பற்றி என்ன எழுதுவது என்ற எண்ணம்தான் காரணம். பண்ணைப்புரத்தையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்ந்த நாங்கள் நான்கு பேர் பத்தாண்டுக் காலம் இந்த 'நகல்'களின் பின்னால் அலைந்தோம். அந்த மேடைகளில் நடந்ததற்கு நகல் என்ற சொல் பொருந்தாது என்பதே எங்கள் கட்சி.

பண்ணைப்புரம் என்றதும் கேட்பவர் அடுத்து என்ன கேட்பார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆம், இளையராஜாவின் ஊர்தான். போடியிலிருந்து தேவாரம் வழியாகக் கோம்பைக்குச் செல்லும் சாலையில், மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறது. 1943இல் அவர் இங்கே பிறந்தார். ஆனால் எங்கள் தந்தையர் தலைமுறைக்கு இந்த ஊரின் இசை என்றால் முதலில் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன்தான். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் தம்பிமார்களைச் சேர்த்துக்கொண்டு அவர் நடத்திய கச்சேரிகளைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். 1958இல் மலைக்கு அந்தப்புறம் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் போட்டியிட்டபோது, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாவலரின் பாட்டுகள்தாம் பெரும் பிரசாரம். ஊரார் வாயில் புழங்கிய சினிமா மெட்டை எடுத்து அதில் விலைவாசியையும் கூலியையும் ஏற்றிப் பாடுவது அவர் வழி. காவடிச்சிந்திலிருந்து மதுரை நாடக மேடை வரை மெட்டை இரவல் வாங்குவது தமிழில் இழுக்கல்ல என்பதை இலக்கியம் படித்தவர்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. 1973இல் அவர் மறைந்தார். அவரை நாங்கள் கேட்டதில்லை. ஜாஸ் வரலாற்றில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பட்டி போல்டன் என்றொரு கார்னெட் வாத்தியக்காரரைச் சொல்வார்கள். 1931இல் இறந்துபோன அவர் வாசித்ததில் ஒரு பதிவும் மிஞ்சவில்லை, கேட்டவர்களின் பேச்சுதான் மிஞ்சியது. பாவலரும் எங்களுக்கு அப்படித்தான், பேச்சாகவே வந்து சேர்ந்தார்.

ஜாஸ் என்ற பெயர் எங்கள் உரையாடலுக்குள் வந்தது பின்னால்தான். மதுரையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவன் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டான 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் கேசட் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தான். அதன் முதல் பகுதியில் மெட்டைச் சொல்வது எக்காளமன்று, பால் சேம்பர்ஸின் பேஸ். கேட்டு முடித்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சின்னமனூரில் பகலில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற, இரவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற ஒரு மனிதரின் முகம் நால்வருக்குமே நினைவில் எழுந்தது.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரங்களை மேற்கத்திய இசைக்குறிப்பில் முழுவதும் எழுதிக் கொடுப்பவர் என்பதை அனைவரும் அறிவர். பேஸ் கிட்டாரில் சசிதரன், கிட்டாரில் சதானந்தம், டிரம்ஸில் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மானுவேல், புல்லாங்குழலில் நெப்போலியன் என்று சென்னையில் அவருக்கு வாய்த்த கலைஞர்கள் அந்தக் குறிப்பைப் பார்த்து வாசித்தார்கள். பாட்டின் அடியில் ஓடும் பேஸை, பாடகரின் மெட்டுக்கு இணையான இன்னொரு மெட்டாகவே அவர் எழுதினார். ஆனால் அந்தப் பாட்டு கம்பம் பள்ளத்தாக்குக்கு எப்படி வந்து சேர்ந்தது? பதிவுக்கடையில் டி.டி.கே. கேசட்டில் ஏற்றப்பட்டு, நகலின் நகலாக, உள்ளங்கையளவு ஸ்பீக்கர் கொண்ட டேப் ரெக்கார்டருக்கு வந்தது. அல்லது கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கிக்கு வந்தது. குழாயில் கீழ்ச்சுரங்கள் கேட்பதேயில்லை. குரலும் புல்லாங்குழலும் வயலினும் வந்தன. பேஸ் வழியிலேயே தங்கிவிட்டது.

ஆகவே இங்கே ஒரு குழுவில் பேஸ் கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டியவர் பாதியை ஊகிக்க வேண்டியிருந்தது. கேட்டதைப் பிடித்துக்கொண்டு கேட்காததைத் தாமே இட்டு நிரப்பினார். சென்னையில் ஒரு சுரமும் மாறாமல் எழுதப்பட்டிருந்த இசை, எழுதியவரின் சொந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தபோது எழுதப்படாத இசையாக ஆகியிருந்தது. எங்கள் பித்து முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருந்தது.

1994 வாக்கில் நாங்கள் அலையத் தொடங்கினோம். தேனி அப்போது தனி மாவட்டமாகியிருக்கவில்லை, அது 1996இல்தான். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, கம்பத்தில் கௌமாரியம்மன் திருவிழா, பிறகு தேவாரம், உத்தமபாளையம், கூடலூர் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நாள் வரும். மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் குழுக்கள் வந்தன. உள்ளூர்க் குழுக்களும் இருந்தன. கடைசிப் பேருந்தில் போவோம், முதல் பேருந்தில் திரும்புவோம். எங்களில் ஒருவனுக்கு ஏலத்தோட்டத்தில் வேலை. விடிந்ததும் மலையேறும் ஜீப்பைப் பிடித்தாக வேண்டும் என்பதால், அவன் மட்டும் விடியற்காலைப் பாட்டுகளைக் கேட்காமலே போய்விடுவான். என்ன வாசித்தார்கள் என்று மறுவாரம் வாயால் வாசித்துக் காட்ட வேண்டும்.

கூட்டம் மேடைக்கு நேர் எதிரே உட்காரும். மிமிக்ரிக்காரருக்கும் பாடகிக்கும் உரிய இடம் அது. நாங்கள் பக்கவாட்டில், பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டி வைக்கப்பட்ட ஓரத்தில் சாக்கை விரித்து உட்காருவோம். அங்கே பாட்டு தலைகீழாகக் கேட்கும். குரல் தூரத்தில், பேஸ் நெஞ்சுக்கூட்டில். விருப்பப் பாடலைத் துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது வழக்கம். ஒருமுறை நாங்கள் பாட்டின் பெயரை எழுதாமல், 'பேஸ் கிட்டார்க்காரர் விருப்பப்படி ஏதேனும் ஒன்று' என்று எழுதி அனுப்பினோம். அறிவிப்பாளர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. வாசிக்கிறவர் மட்டும் சிரிக்காமல் எங்கள் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் யாரையும் பார்த்து நாங்கள் கண்டதில்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனுக்கு இளங்கோவடிகள் வகுக்கும் இலக்கணம் ஒன்று உண்டு. உடன்வரும் இசையில் குறைந்த இடத்தை நிரப்புவதும் மிகுந்த இடத்தை அடக்குவதும் அவன் கடன். அதையும் கேட்பவர் செவிக்கு உறுத்தாதபடி செய்ய வேண்டும். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவர்கள் ஏட்டுக்கல்வியாகவே அதைக் குறித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கோ அது கண்ணால் கண்ட காட்சி. முப்பது வயலின் எழுதப்பட்ட இடையிசையை ஒரே ஒரு கீபோர்டில் வாசிக்க வேண்டியிருக்கும். அந்தக் கீபோர்டின் மெலிந்த ஒலிக்குக் கீழே சின்னமனூர்க்காரர் இரண்டு சுரங்களைக் கூட்டி வைப்பார், பள்ளம் நிரம்பிவிடும். பாடகர் இரண்டாம் சரணத்தில் தாளத்தைவிட்டு முந்தினால் டோலக்கும் பேஸும் ஒரு கண்ணசைவில் அவரை இழுத்துப் பிடிக்கும். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதானே இலக்கணம்.

இதை ஜாஸ் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜாஸில் எல்லோரும் அறிந்த மெட்டை எடுத்துக்கொண்டு வாசிப்பவர் அதிலிருந்து விலகிச் செல்லலாம். விலகுவதற்குத்தான் அங்கே கைதட்டு. இங்கே இடையிசையின் கடைசிப் பிசிறு வரை கூட்டத்துக்கு மனப்பாடம். புல்லாங்குழல் ஒரு சுரம் மாறினால் முன்வரிசை முணுமுணுக்கும். விலகக்கூடாத இடத்தில், யார் கண்ணிலும் படாமல் விலகியவர்களை நாங்கள் பின்தொடர்ந்தோம். எது கடினம் என்று எங்களைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வோம். (எங்களில் வங்கியில் பணிபுரியும் நண்பர் இதை ஒப்புக்கொள்வதில்லை. இருபது ஆண்டுகளாக இந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.)

கம்பத்துக்கு அருகில் ஓர் ஊரில், பாட்டின் நடுவே ஜெனரேட்டர் நின்றுபோனது. விளக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்து அணைந்தன. டிரம்ஸ்காரரும் டோலக்காரரும் நிறுத்தவில்லை. இருட்டில் கூட்டமே பாடத் தொடங்கியது. பல்லவி முடிந்ததும் இடையிசையையும் பாடினார்கள். வயலின் பகுதியைப் பெண்கள் பக்கமிருந்து சிலர் வாயாலேயே இசைத்தார்கள். உடல் சிலிர்த்த தருணம்தான். ஆனாலும் ஏதோ ஒன்று காலடியிலிருந்து உருவப்பட்டதுபோல் பாட்டு அந்தரத்தில் நின்றது. எங்களுக்குப் பக்கத்தில் அவர் கிட்டாரைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டுதான் இருந்தார். மின்சாரமில்லாத கம்பிகளின் சன்னமான டிக் டிக் ஒலி நான்கு பேருக்கு மட்டும் கேட்டது.

டோலக் வாசித்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய குடும்பம் இழவு வீடுகளில் பறை அடித்த குடும்பம். ஊருக்குள் அவருடைய தந்தை எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்ததில்லை. மேடையில் இவருக்கு ஒரு நாற்காலி இருந்தது, மடிப்புக் கலையாத சட்டை இருந்தது, அறிவிப்பாளர் பெயருக்கு முன்னால் 'இசைக்கலைஞர்' என்று சேர்த்துச் சொன்னார். கச்சேரி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் என்ன நடந்தது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். அதை விரித்தெழுத வேறொரு கட்டுரை வேண்டும். அந்த நாற்காலியைப் பற்றி மட்டும் இங்கே குறித்து வைக்கிறோம்.

இந்த உலகம் கரைந்ததற்கு ஒரே காரணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடைவிதித்தன. விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்திக்கொள்ள மாநில அரசுக்கு அதிகாரம் தரப்பட்டது. விதி நியாயமானதே; மலையடிவாரத்தில் கைக்குழந்தைக்காரிகளும் நோயாளிகளும் உறங்க வேண்டாமா. ஆனால் விடியும் வரை நீண்ட கச்சேரி அதோடு முடிந்தது. வாத்தியக்காரர்கள் கூட்டத்தை மறந்து தங்களுக்காக வாசித்துக்கொண்டது பின்னிரவு 2 மணிக்கு மேல்தான். பிறகு 'ஆடல் பாடல்' வந்தது. அதற்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுக்கள் குவிந்தன. அதற்கும் பிறகு வந்தது குரல் நீக்கிய டிராக். ஒரு மடிக்கணினி, இரண்டு பாடகர்கள், ஒரு ரிதம் பேட். ஏழு பேருக்குக் கொடுத்த சம்பளம் மிச்சம். விழாக்கமிட்டியைக் குறைசொல்லவும் முடியவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று பள்ளத்தாக்கில் பேஸ் கிட்டார் பழகும் இளைஞர்கள் சிலரைக் கேட்டிருக்கிறோம். நல்ல காதொலிப்பானில், யூடியூபில், மூலத்தின் ஒவ்வொரு சுரத்தையும் பிரித்துக் கேட்டு அப்படியே வாசிக்கிறார்கள். சின்னமனூர்க்காரரைவிடத் துல்லியமானவர்கள், ஐயமேயில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்த செய்தியை நால்வரும் பகிர்ந்துகொண்டோம். எழுதியது எழுதியபடி ஒலிப்பதே அங்கே பெருமை. எழுதியவருக்கு உரிய மரியாதையும் அதுவே. அதை மறுக்க எங்களிடம் வாதம் இல்லை. ஆனால் ஊகித்து வாசித்தவனின் இசை எங்கும் எழுதப்படவுமில்லை, பதியப்படவுமில்லை. எங்கள் நால்வரின் செவியில் அரைகுறையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சென்ற தை மாதம் அவரைப் பார்க்கப் போனோம். அறுபதைத் தாண்டிவிட்டார், காயில் கட்டும் கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. ஒரு குறிப்பிட்ட பாட்டின் இரண்டாம் சரணத்தில் அவர் மேலிருந்து படிப்படியாக இறங்கி வருவார், மூலத்தில் அப்படியில்லை. ஏன் அப்படி வாசித்தீர்கள் அண்ணே என்றோம்.

"அந்த எடத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல தம்பி. டேப்புல வெறும் பாட்டுதான் கேக்கும். சும்மா விட்டா நல்லாருக்காதேன்னு நம்மளா ஒண்ணு போட்டுக்கிட்டது" என்றார்.

மூலத்தைக் காதொலிப்பானில் கேட்கிறீர்களா என்றதற்குத் தலையசைத்தார். மூன்று முறை கேட்டார். சசிதரன் வாசித்திருந்ததைக் கேட்டு "அடேயப்பா" என்றார். பிறகு உள்ளே போய், பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்த கிட்டாரைக் கொண்டுவந்தார். இரண்டு கம்பிகள் இல்லை. இருந்த இரண்டில், கேட்டதை வாசித்துப் பார்த்தார், கை போகவில்லை. தம்முடையதை வாசித்தார், அது போயிற்று.

மறுவாரம் மதுரையில் கம்பிகள் வாங்கிக் கொடுத்தோம். இந்தச் சித்திரையில் டிராக்குக்கு நடுவே அரைமணி நேரம் அவரையும் டோலக்காரரையும் வாசிக்கவிட வேண்டும் என்று ஒரு விழாக்கமிட்டியிடம் கேட்டிருக்கிறோம். பாட்டு எது, பாடுவது யார் என்று கேட்கிறார்கள். பாடகர் வேண்டாம் என்று சொன்னதை அவர்களால் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை.