கடன் வாங்கியவர் கைவிரித்தால் நாங்கள் என்ன செய்வது?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. கடையில் கடன் கொப்பி வைத்திருப்பவர்கள், கைமாற்றுக் கொடுத்தவர்கள், வேலையை முடித்துவிட்டுக் காசுக்காகக் காத்திருக்கும் மேசன்மார், தச்சர்மார், தையல்காரர்கள் எல்லோரும் பொறுமையாக வாசியுங்கள். நாங்கள் சட்டத்தரணிகள் இல்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறோம். பின்னேரத்தில் எங்கள் குடும்பத்தின் கட்டடப் பொருள் கடையில் கணக்குப் பார்க்கிறோம். இந்த இரண்டு இடத்திலும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுதான்: "அவர் வங்குரோத்து எண்டு சொல்லிட்டார். இனி எங்கட காசு?"

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. சீமெந்தும் கம்பியும் இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை. அரச வேலை எடுத்த ஒப்பந்தகாரர்களுக்குக் கொடுப்பனவுகள் நின்றுபோயின. அவர்கள் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் அதோடு நின்றது.

எங்கள் கடைக்கும் அதில் ஒரு பங்கு வந்தது. கட்டட வேலை செய்யும் ஒரு கம்பனி எங்களுக்கு 640,000 ரூபாய் தரவேண்டியிருந்தது. பெயர் இங்கே தேவையில்லை. நாங்கள் பத்து முறை கேட்டோம், பத்துத் தவணை சொன்னார்கள். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. கம்பனி கலைக்கப்படுகிறது, லிக்குவிடேட்டர் நியமிக்கப்பட்டிருக்கிறார், கடன் கொடுத்தவர்கள் தங்கள் கோரிக்கையை ஆதாரத்தோடு அனுப்பவும் என்று.

எங்கள் நானாவுக்குக் கோபம். "அந்த டிரெக்டர்ட வீட்டு வாசல்ல போய் நிண்டா காசு வரும்" என்றார். ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் வரையறுக்கப்பட்ட கம்பனி என்றால் அதன் கடன் கம்பனியின் கடன். பணிப்பாளர் தனிப்பட்ட முறையில் உத்தரவாதக் கையொப்பம் வைத்திருந்தாலோ, மோசடி செய்தார் என்று நிரூபிக்க முடிந்தாலோ தவிர அவருடைய வீட்டையும் வாகனத்தையும் சாதாரணமாக நாங்கள் கேட்க முடியாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இதற்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஈடு வாங்கிய வங்கி தன் ஈட்டை எடுக்கும். மிச்சத்தில் கலைக்கிற செலவு, ஊழியர்களின் சம்பள நிலுவை, ஊழியர் சேமலாப நிதி, வரி போன்றவை முன்னால் நிற்கும். அதற்குப் பிறகுதான் எங்களைப் போல ஈடில்லாமல் கொடுத்தவர்கள். எங்களுக்கும் பின்னால் நிற்பவர்கள் பங்குதாரர்கள்.

இதை நாங்கள் வகுப்பில் விகிதக் கணக்காகவே செய்து காட்டியிருக்கிறோம். ஒரு கம்பனியின் சொத்தை விற்று 40 இலட்சம் வந்தது என்று வையுங்கள். முன்னுரிமைக் கடன்களுக்கு 28 இலட்சம் போகிறது. மிச்சம் 12 இலட்சம். ஈடில்லாமல் கொடுத்தவர்களுக்கு மொத்தக் கடன் 120 இலட்சம். அப்படியென்றால் ரூபாய்க்கு 10 சதம். 6 இலட்சம் கொடுத்தவருக்கு 60,000, அறுபதாயிரம் கொடுத்தவருக்கு 6,000. பெரிய கடைக்காரருக்கும் சின்ன மேசனுக்கும் ஒரே விகிதம். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "அப்ப கூடக் கத்தினவருக்குக் கூட இல்லையா சேர்?" இல்லை என்றோம். அதுதான் இந்த முறையின் அழகு.

எங்களுக்கு ரூபாய்க்கு 8 சதம் கிடைத்தது. 640,000க்கு 51,200. அதுவும் இரண்டு வருடம் கழித்து. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத தொகைதான். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டிருந்தால் அதுவும் இல்லை. பொருள் இறக்கும்போது கையொப்பம் வாங்கிய பில்கள் ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்கப்பட்டன. வட்ஸ்அப்பில் வந்த ஓடர்களையும் அச்செடுத்து இணைத்தோம். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு அப்படியான பதிவுகளை வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஆகவே செய்திகளை அழிக்காதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் அறியவில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி விற்றுக் கொடுத்த பொருளுக்கும், கடைக் கொப்பிக் கடனுக்கும், செய்த வேலையின் கூலிக்கும் வழக்குப் போட ஒரு வருடம்தான். எழுதிக் கையொப்பமிட்ட உடன்படிக்கைக்கு ஆறு வருடம். "ஆள் தெரிஞ்சவர், பிறகு பார்ப்பம்" என்று இரண்டு வருடம் பொறுத்துவிட்டு நீதிமன்றம் போனால் கொப்பியை மூடிவைக்கச் சொல்வார்கள். கடனாளி கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பம் வைத்தால் காலம் புதிதாக ஓடத் தொடங்கும். இதற்கு ஒரு சட்டத்தரணியிடம் அரை மணித்தியாலம் செலவழிப்பது நல்லது.

காசோலை திரும்பினால் பொலிஸுக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவதை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. போகலாம். ஆனால் ஒருவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுப்பது வேறு, எங்கள் காசு திரும்பி வருவது வேறு.

இனி நாங்கள் உண்மையில் சொல்ல வந்த விசயம்.

அதே கம்பனியை நம்பி வேலை செய்த ஒரு மேசன் எங்களுக்கு 85,000 ரூபாய் தரவேண்டியிருந்தது. அவருடைய பிள்ளை எங்கள் வகுப்பில் படிக்கிறது. கம்பனி விழுந்த கிழமையே அவர் கடைக்கு வந்தார். வாப்பாவிடம், "நானா, என்னட்ட இப்ப ஒண்டுமில்லை. இன்னும் நாலு பேருக்குக் குடுக்க இருக்கு. ஆனா ஒளிக்க மாட்டன்" என்றார். வாப்பா அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். "தம்பி, அந்த நாலு பேரையும் எழுதுங்கோ. எவ்வளவு எண்டும் எழுதுங்கோ" என்றார். ஒரு தாளில் ஐந்து பெயர், ஐந்து தொகை. மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டு அதை ஐந்தாக, கடனின் அளவுப்படி பிரித்தோம். எங்கள் பங்கு மாதம் 2,500. கையொப்பம் வைத்தார். மூன்று வருடமாகப்போகிறது, மழைக்காலத்தில் ஒன்றிரண்டு மாதம் பிந்தியதைத் தவிர நிற்கவில்லை.

அதே நேரத்தில் இன்னொருவர் தொலைபேசி இலக்கத்தை மாற்றினார். சத்தம் போட்ட ஒருவருக்கு மட்டும் இரகசியமாகக் கொடுத்து முடித்தார். அவரிடம் கைமாற்றுக் கொடுத்த ஒரு விதவைத் தாய்க்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. அந்தத் தாய்க்குக் கத்தவும் தெரியாது, கம்பனிக் கடிதம் எழுதவும் தெரியாது.

இந்த இரண்டு பேரும் நீதிமன்றம் போகவில்லை. தனியாள் வங்குரோத்துக்கென்று எங்கள் நாட்டில் உள்ளது 1853ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். எங்கள் தெருவில் அதன்படி போன ஒருவரையும் நாங்கள் அறியோம். ஆனால் முதலாமவர் செய்தது சட்டம் கேட்கிற அதே வேலையைத்தான். இருப்பதைச் சொன்னார், கொடுக்க வேண்டியவர்கள் எல்லோரையும் சொன்னார், எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கொடுத்தார். வங்குரோத்து என்பது எங்கள் ஊரில் வசைச்சொல்லாகிவிட்டது. அது வசையல்ல. அது ஒரு கணக்கு முறை. வசை என்று ஆக்கியதால்தான் ஆட்கள் ஒளிக்கிறார்கள். ஆட்கள் ஒளிப்பதால்தான் வலியவனுக்குக் காசும் எளியவனுக்கு வெறுங்கையும் கிடைக்கிறது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி எங்கள் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று பகிரங்கமாக அறிவித்தது. அது வெட்கமான நாள்தான். ஆனால் அறிவித்த பிறகுதான் கடன் கொடுத்த நாடுகளும் முறிக்காரர்களும் மேசைக்கு வந்தார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 ஜூனில் கடன் கொடுத்த நாடுகளோடு உடன்பாடு, டிசம்பரில் பழைய முறிகளுக்குப் புதிய முறிகள். ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறையவும் கொடுக்கக்கூடாது என்பதுதான் அந்தப் பேச்சு முழுக்க ஓடிய வாதம். நாட்டுக்குச் சரியான முறை எங்கள் தெரு மேசனுக்கு மட்டும் ஏன் அவமானம்?

வாப்பா ஏன் அந்தத் தாளை எழுத வைத்தார் என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அன்று கடைகளோடு கடன் கொப்பிகளும் இங்கேயே கிடந்தன. எங்களுக்குத் தரவேண்டியவர்கள் இந்தப் பக்கம். நாங்கள் கொடுக்கவேண்டிய கொழும்பு மொத்த வியாபாரி அந்தப் பக்கம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டே வாப்பா கொழும்புக்குப் பஸ் ஏறினார். "தரவேண்டியது இவ்வளவு, இருப்பது ஒன்றுமில்லை" என்று அந்த முதலாளியிடம் போய்ச் சொன்னார். அவர் தவணை கொடுத்தார். பின்னர் கடனுக்குச் சரக்கும் கொடுத்தார். அந்தச் சரக்கில்தான் எங்கள் குடும்பம் மறுபடி எழும்பியது.

இங்கே நின்ற கொப்பிக் கடன் போனது போனதுதான். யுத்த காலத்தில் உரிமை கேட்க முடியாமல் போனவர்களுக்காக 2016இல் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் அது காணி, வீடு போன்ற அசையாச் சொத்துக்குத்தான். கடைக் கொப்பிக்கு இல்லை. வாப்பா அதைப்பற்றிப் பேசும்போது, "தராதவனை விட, தரேலாமல் போனவன் கூட இருந்திருப்பான். அவனுக்கும் யுத்தம்தானே" என்பார்.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு வழி இருக்கிறது. சூரா அல்-பகராவில் கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்வது 280ஆம் வசனம். கடனைச் சாட்சியோடு எழுதி வைக்கச் சொல்வது 282ஆம் வசனம். இரண்டுக்கும் இடையில் ஒரேயொரு வசனம்தான். இரக்கப்படுகிறவன் எழுதத் தேவையில்லை என்றோ, எழுதுகிறவன் இரக்கப்படத் தேவையில்லை என்றோ அங்கே இல்லை. சக்காத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர் என்பதையும் நாங்கள் மறந்துவிடுகிறோம்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், கோயில், தேவாலயச் சபைகளுக்கும், வர்த்தக சங்கத்தாருக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். கைவிரித்த ஒருவர் வெட்கப்படாமல் வந்து உட்காரக்கூடிய ஒரு மேசையை வையுங்கள். கணக்குத் தெரிந்த ஒருவர், நம்பிக்கையான இரண்டு சாட்சிகள், ஒரு தாள். கொடுக்க வேண்டியவர்கள் எல்லோருடைய பெயரும் அந்தத் தாளில் வரட்டும். கத்தத் தெரியாதவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள். கணக்கை எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் பின்னேரங்களில் நாங்கள் வருகிறோம்.