மூன்றாவது கை

எங்கள் வீட்டுக் கேரம் போர்டு மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைதான் எங்களுடையது. பாத்திரம் கழுவி முடித்துவிட்டு அம்மா, சித்தி, நான் மூவரும் உட்காருவோம். அம்மா ரெட்டைப் போட்டால் ஃபாலோவும் தவறாது. நான்கு மணிக்கு அண்ணன் நண்பர்களோடு வருவான். எழுந்திருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. நாங்களாகவே எழுந்து டீ போடப் போவோம். பாதியில் விட்ட ஆட்டத்தை அவர்கள் கலைத்துப் புதிதாக அடுக்குவார்கள்.

பல வருடம் கழித்து ஆராய்ச்சிக்காகத் தென்கொரியாவின் தேஜான் நகரத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆய்வக நண்பர்கள் பில்லியர்ட்ஸ் கூடத்துக்குப் போவார்கள். அங்கே ஆடுவது கேரம் பில்லியர்ட்ஸ் என்றதும், நம் வீட்டு ஆட்டம்தானே என்று நானும் கிளம்பினேன். மேசையைப் பார்த்தால் ஒரு குழிகூட இல்லை.

பெரிய மேசையின் ஆடுகளம் 2.84 மீட்டர் நீளம், 1.42 மீட்டர் அகலம். துணிக்கு அடியில் கற்பலகை. ஈரம் ஏறினால் பந்து மந்தமாகிவிடும் என்பதால் அதை மின்சாரத்தில் லேசாகச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றே பந்துகள். நம் பந்தை அடித்தால் அது மற்ற இரண்டையும் தொட வேண்டும். இரண்டாவதைத் தொடுவதற்குள் மேசையின் ரப்பர் விளிம்புகளில் குறைந்தது மூன்று முறை மோதியிருக்க வேண்டும். தொட்டுவிட்டால் ஒரு புள்ளி. எதையும் எதிலும் தள்ள வேண்டியதில்லை.

முதல் சில வாரங்கள் நான் புள்ளி எண்ணினேன். பிறகு ஒருநாள் கோலைக் கையில் எடுத்தேன். மேசைமீது குனிந்ததும் பழக்கதோஷத்தில் இடது கை கழுத்துக்குப் போனது. சிறுவயதிலிருந்து பெருக்கவும் கோலம் போடவும் பெரியவர்கள் காலில் விழவும் குனிந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு கை துப்பட்டாவைப் பிடித்திருக்கும். இந்த ஆட்டத்தில் அது நடக்காது. இடது கை மேசையில் ஊன்றி, விரல்களை வளையமாக்கிக் கோலைத் தாங்க வேண்டும். வலது கை அடிக்க வேண்டும். துப்பட்டாவைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அன்று அடித்த பந்து எதையுமே தொடவில்லை. உடனே இரண்டு பேர் வந்து என் முழங்கையைத் திருத்தினார்கள்.

அடுத்த புதன்கிழமை தனியாகப் போனேன். கூடத்தை நடத்துபவர் அறுபதைக் கடந்த பெண். என் விரல்களை ஒருமுறை சரியாக மடக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு மணி நேரம் யாரும் திருத்தாமல் தவறாக அடித்துக்கொண்டே இருந்தேன். அப்படியொரு மணி நேரம் அதுவரை எனக்கு வாய்த்ததே இல்லை.

ஜப்பானின் மசாகோ கட்சுரா, அக்கா கணவரின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் ஆடப் பழகியவர். 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆண்களோடு உலகப் பட்டத்துக்கு மோதினார். அப்படி மோதிய முதல் பெண் அவர்தான். கம்போடியாவிலிருந்து 2010இல் திருமணமாகிக் கொரியா வந்த ஸ்ரொங் பியாவி, கணவரோடு ஒரு கூடத்துக்குப் போய்த்தான் முதன்முதலில் கோலைத் தொட்டார். பின்னாளில் அங்கே பெண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளில் பட்டங்கள் வென்றார். இவர்கள் இருவருக்கும் மேசை வரை போக, வீட்டு ஆண் ஒருவரின் வழியாகத்தான் கதவு திறந்தது. திறமை அதன் பிறகே தெரிந்தது. கதவே திறக்காதவர்கள் எத்தனை பேர்? 2019இல் கொரியாவில் தொடங்கிய அந்தத் தொழில்முறைத் தொடரிலும் பெண்களின் பரிசுத்தொகை ஆண்களுடையதைவிடக் குறைவுதான்.

ஒரு மாலை, கூடத்திலிருந்தே அம்மாவை வீடியோவில் அழைத்தேன். எனக்கு மணி ஐந்தரை. அங்கே மதியம் இரண்டு. மேசையைக் காட்டினேன்.

"குழி எங்கேடி?"

"இல்லம்மா. இதுல குழியே கிடையாது."

என் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பக்கச் சுவத்துல இன்னும் மெதுவா மோத விடு," என்றார். அப்படியே அடித்தேன். பந்து மூன்று முறை மோதித் திரும்பி, சிவப்பைத் தொட்டது.

"நம்ம போர்டு இருக்காம்மா?"

"பரண்ல கெடக்கு."

"எடுத்துத் துடைச்சு வை. லீவுக்கு வரும்போது ஆடலாம்."

அம்மா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆடலாம். ஆனா நாலு மணிக்கு எந்திரிக்கக் கூடாது."