ஐம்பது சென் காசும் ஒரு கறுப்பு நூலும்

அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். கோல சிலாங்கூரில், புக்கிட் ரோத்தான் பக்கத் தோட்டம். வேலையை விடுவதற்கு முந்தைய சில வருடங்கள் அலுமினியக் கம்புக்குப் பதில் கார்பன் இழைக் கம்பு கொடுத்தார்கள். எடை குறைவு, தோளுக்குச் சுகம்.

ஒருநாள் அது லாரியிலிருந்து விழுந்தது. வெளியே கீறல்கூட இல்லை. அப்பா ஐம்பது சென் காசால் கம்பு நெடுகத் தட்டிப் பார்த்தார். ‘டக் டக்’ என்று வந்த சத்தம் ஓரிடத்தில் ‘பொத்’ என்று அடங்கியது. “உள்ளே விட்டுப்போச்சுங்க” என்றார். மண்டோர் சிரித்துவிட்டு, கம்பை வேறொருவரிடம் கொடுத்தார். மறுவாரம் அதே இடத்தில் முறிந்தது. அரிவாள் பக்கத்து வீட்டு அண்ணனின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது.

அண்மையில் வானொலி நிகழ்ச்சிக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது, விமானப் பொறியாளர்களும் இப்படித் தட்டிப் பார்ப்பது உண்டென்று. இழையைப் பிசினில் இறுக்கிச் செய்யும் கலப்புப் பொருள்தான் போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி. அடிபட்டால் காயம் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் உள்ளேயே பதிக்கும் ஒன்று, கார்பன் நானோகுழாய் நூல். 1991-இல் ஜப்பானின் சுமியோ இஜிமா வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே நானோகுழாய்கள் உலகக் கவனம் பெற்றன. கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சிலும் அவை இருப்பதாக 2020-இல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள் எழுதினார்கள்!

இந்த நூலைத் தலைமுடியைவிட மெல்லிதாக நூற்கலாம். இழுபட்டால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் சேதி.

அந்தச் சேதியை அப்படியே நம்பலாமா? வெப்பம் ஏறினாலும் மின்தடை மாறும். பிசின் ஊறி இறுகும்போதும் மாறும். பலமுறை இழுபட்டால் பழைய அளவுக்குத் திரும்பாமலும் போகலாம். கார்பன் இழைக்குள் பதித்தால் மின்சாரம் பக்கத்து இழைக்குக் கசியும்; அதனால் காப்பு உறை வேண்டும். ஆகவே பொருள் புதிதாக இருக்கும்போதே அளந்து வைத்து, வெப்பத்தின் கணக்கைக் கழித்து, பிறகுதான் ஒப்பிட முடியும்.

அப்பாவிடம் சொன்னேன். “காசு தட்டுறதும் அதேதாம்மா. நல்ல இடத்துச் சத்தம் காதுல இருந்தாத்தான் கெட்ட இடம் தெரியும்” என்றார்.

அன்று அவர் காது தவறவில்லை. கேட்கத்தான் ஆளில்லை. நாளை கம்புக்குள்ளேயே நூல் வரலாம்; துல்லியமாகவும் சொல்லலாம். அதைக் கேட்டு, “கம்பைக் கீழே வை” என்று சொல்ல ஒரு மண்டோர் வேண்டும்.