தென்காசியா, குற்றாலமா?

கரிசல் மண் சூழ்ந்த திருவேங்கடத்திலிருந்து புறப்பட்ட எம்மிடையே, விருந்தினர்க்குக் காட்டத்தக்க ஊர் எது என்ற விவாதம் எழுந்தது. "பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலும், இடிந்து கிடந்து 1990இல் மீண்டும் நிமிர்ந்த அதன் கோபுரமும் போதாவோ?" என்றனர் தென்காசிக் கட்சியினர். "ஆனி, ஆடிச் சாரலும் அருவிகளும், சுவரெங்கும் ஓவியம் பொலியும் சித்திரசபையும் வேறெங்கு உண்டு?" என்றனர் குற்றாலத்தார். குற்றாலத்தில் இறங்கும் சிற்றாறே தென்காசியையும் நனைத்துச் செல்வதால், இரண்டையும் ஒரே நாளில் காண்பதென முடிவாயிற்று.

பழைய அருவியை அடைந்ததும் பேச்சு அடங்கிற்று. 2024 மே மாதத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது இங்கேதான். மலைமேல் பெய்யும் மழை கீழே குளிப்போர்க்குத் தெரிவதில்லை. ஆதலின் பெற்றோரே, நீர் கலங்கிப் பெருகக் கண்டால், காவலர் சொல்லும்வரை காத்திராது பிள்ளைகளுடன் கரையேறுங்கள்.