வனப்பும் தோலும்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் வனப்பு எட்டினைக் கற்பிக்கும் நாளில், ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு சிரிப்பொலி எழும். அவ்வரிசையில் இரண்டாவது அழகு, நான்காவது தோல். இங்குத் தோல் என்பது உடம்பின் தோலன்று, செய்யுளுக்குரிய ஒரு நயம் என்று விளக்கி நானும் உடன் நகைப்பேன். சென்ற ஆண்டு அப்பாடம் வந்தபோது மட்டும் என்னால் நகைக்க இயலவில்லை.

என் அக்காள் மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்திருந்தோம். நான்கு திங்களே இருந்தன. மச்சான் வளைகுடா நாட்டில் இருப்பதால் அவ்வீட்டுப் பொறுப்புகளில் பாதி என்னுடையவை. அப்பெண்ணின் முகமோ சிவந்து, பருக்கள் எழுந்து, கன்னத்தில் நூலிழை போல் நரம்புகள் தெரியும் நிலையில் இருந்தது. வெயிலில் நின்றால் எரியும். ஈராண்டுகளாக அவள் பூசிவந்த களிம்பை இருநாள் நிறுத்தினாலோ, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் காந்தும்.

அக்களிம்பின் முதற்குழாயை வாங்கித் தந்தவன் நான். "கடைத்தெருவுக்குப் போகிறீர்களே மாமு, இதை வாங்கி வாருங்கள்" என்று துண்டுச்சீட்டில் பெயர் எழுதித் தந்தாள். மருந்துக் கடைக்காரர் மருத்துவர் சீட்டைக் கேட்கவில்லை. அஃது என்ன மருந்தென்று நானும் கேட்கவில்லை. சில வாரங்களில் முகம் வெளுத்தது. வீட்டார் மகிழ்ந்தனர், நானுந்தான்.

பேருந்து நிலையத்தருகே புதிதாய்த் திறந்திருந்த அழகுச் சிகிச்சை நிலையத்திற்கு அழைத்துச் செல்லுமாறு அக்காள் சொன்னார். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, சுவரெங்கும் ஒளிரும் முகங்கள். வெள்ளை அங்கி அணிந்த ஓர் இளம்பெண் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, ஆறு முறை லேசர் செய்தால் போதும் என்றார். இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். மருத்துவர் யார் என்றேன். "ஞாயிறு வருவார்." கருவியைக் கையாள்பவர் யார் என்றேன். "நாங்களே செய்துவிடுவோம் சார்." தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு பெறவேண்டும் என்று தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அப்பதிவுச் சான்றிதழைக் கேட்டேன். பின்னர்க் காட்டுவதாகச் சொன்னார்கள்.

அடுத்து, மாடியிலிருந்த ஓர் அழகு நிலையத்திற்குச் சென்றோம். அதனை நடத்தும் அம்மையார் முகத்தைப் பார்த்ததுமே, "இதில் நான் கை வைக்கக்கூடாது, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிக் காசு வாங்காமல் அனுப்பினார். அவரை நான் மறக்கவில்லை.

தோல் மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவர் சிறிய அறையொன்றில் இருந்தார். பெயர்ப்பலகையில் பட்டமும் பதிவெண்ணும் இருந்தன. அவர் முதலிற் கேட்டது, "என்ன பூசுகிறாய்?" என்பதே. குழாயைப் பார்த்தார். அதிலிருந்தது ஸ்டீராய்டு மருந்து. முதலில் வெளுக்கச் செய்து, பின்னர்த் தோலையே மெலியச் செய்வது அதன் இயல்பு என்றார். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018இல் நடுவண் அரசு ஆணை பிறப்பித்ததையும் சொன்னார். புண்பட்ட தோலில், அதிலும் நம்மவரின் மாநிறத் தோலில், லேசரின் சூடு மேலும் கருமையை விட்டுச் செல்லக்கூடும் என்று எச்சரித்தார்.

"நிக்காஹுக்குள் சரியாகிவிடுமா?" என்றார் அக்காள்.

"ஆகாது" என்றார் மருத்துவர்.

அந்த ஒரு சொல்லே அவரிடம் எங்களுக்கு நம்பிக்கையைத் தந்தது. அக்காளுக்கு மட்டும் மனம் கண்ணாடிக் கதவின் பக்கமே இழுத்தது. முடிவு செய்தவள் பெண்தான். "மாப்பிள்ளை வீட்டில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் மாமு" என்றாள். சொன்னேன். மூன்று நாள் மறுமொழி இல்லை, நாங்கள் உறங்கவில்லை. நான்காம் நாள், குறித்த தேதியில் மாற்றமில்லை என்று செய்தி வந்தது. சிவப்பு முற்றும் தணியாத முகத்தோடுதான் அவள் மணப்பெண்ணாக அமர்ந்தாள்.

சங்கப் புலவர்கள் தலைவியின் மாமை நிறத்தைப் போற்றினர். அது கெட்டுப் பசலை படர்வதைத் துயரின் அடையாளமாகப் பாடினர். அதனைக் கற்பிக்கும் நானே, வெளுப்பைக் கண்டு மகிழ்ந்தேன் அன்றோ!

மாணவச் செல்வங்களே, சிகிச்சை வேண்டுமெனில் தயங்காது செல்லுங்கள், அதில் இழுக்கில்லை. ஆனால் மருத்துவரின் பெயரும் பதிவெண்ணும் கேளுங்கள். கருவி யார் கையில் இருக்குமெனக் கேளுங்கள். இன்றே பணம் கட்டச் சொல்லுமிடத்தில் நாளை வருவதாகச் சொல்லி வெளியேறுங்கள். "ஆகாது" என்று சொல்லத் தெரிந்தவரிடம் முகத்தைக் காட்டுங்கள்.

துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்ட அன்று, "இஃது எதற்கம்மா?" என்று நானும் கேட்டிருக்க வேண்டும்.