லென்ஸைப் பீரோவில் வைக்காதீர்கள்

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு பழைய லென்ஸ் சேர்க்கிறவனுக்குப் பாதிக் கவலை வானிலையைப் பற்றியதுதான். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், மொட்டை மாடியில் துணி காய்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் லென்ஸ் டப்பாவுக்குள் ஈரப்பதமானி என்ன காட்டுகிறது என்று எட்டிப் பார்ப்பேன். வீட்டில் இதற்காகக் கேலி உண்டு. கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் பூஞ்சை யாருடைய கேலிக்கும் காத்திருப்பதில்லை. அதன் வித்துகள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. நல்ல ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் கிடைத்தால் கண்ணாடியின் மேலேயே குடித்தனம் வைத்துவிடும். பீரோவின் மேல் தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில், தோல் உறைக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த கேமராவுக்கு இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் பாதுகாப்புக்கென்று போட்ட அந்த உறைதான் முதல் எதிரி.

நான் வழக்கமாகப் போகும் கேமரா மெக்கானிக், லென்ஸைக் கையில் வாங்கியதும் அது எந்தக் கம்பெனி என்று பார்க்க மாட்டார். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பார். நூல் நூலாக ஏதாவது படர்ந்திருந்தால், "பீரோவுல இருந்துச்சா சார்?" என்பார். பெரும்பாலும் ஆமாம்தான். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேலுள்ள கோட்டிங்கை அரித்துவிட்டால், பூஞ்சையைத் துடைத்த பிறகும் தடம் போகாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுக்கும் படங்களில் அந்தத் தடம் மங்கலாகத் தெரியும். "தினம் வெளிய எடுத்துட்டுப் போற லென்ஸுக்கு இது வர்றது கொறச்சல் சார்" என்பது அவர் கணிப்பு. என் அனுபவமும் அதுவே. இந்தப் பொழுதுபோக்கில் சேர்ப்பவர்கள், எடுப்பவர்கள் என்று இரண்டு சாதி உண்டு. நம் ஊர்த் தட்பவெப்பம் சந்தேகமில்லாமல் இரண்டாமவர் கட்சி.

என்னிடம் இருப்பவற்றில் மிகச் சாதாரணமானது ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப்/2. சோவியத் ஜெனித் கேமராக்களோடு லட்சக்கணக்கில் வெளிவந்தது. நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் மலிவு விலைக்கு ரஷ்யப் புத்தகம் வாங்கிய தலைமுறை ஜெனித்தையும் பார்த்திருக்கும். லென்ஸின் பூர்வீகம் ரஷ்யா அல்ல, ஜெர்மனி. ஜெனாவில் கார்ல் சைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்டே கணக்கிட்ட பயோட்டார்தான் இதன் மூலம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இழப்பீடு என்ற பெயரில் ஜெனா ஆலையின் இயந்திரங்களும் வல்லுநர்களும் சோவியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது வடிவமைப்புகளும் கூடவே போயின. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்த லென்ஸ் என்றால், பட்டகத்தை ஒரு கதிர் துளைத்துப் போகும் முத்திரை இருக்கும். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் செய்த ஆண்டு. பிறந்த வருடத்து லென்ஸைத் தேடி வாங்குகிற கிறுக்கர்களும் இருக்கிறார்கள்.

ஹீலியோஸின் பின்புறத்தில் 42 மி.மீ. விட்டத்தில் மரை. 1949இல் டிரெஸ்டனில் வெளியான காண்டாக்ஸ் எஸ் கேமராவில் வந்த இந்த மரையைப் பிறகு பிராக்டிகா, ஜெனித், ஜப்பானின் ஆசாஹி பென்டாக்ஸ் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பனிப்போரின் இரு பக்கத்து லென்ஸ்களும் ஒரே மரையில் ஏறும். இந்த லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது மிரர்லெஸ் கேமரா. பழைய கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். அதனால் மரை லென்ஸ் உட்காரும் இடம் பிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருந்தது. சோனி மிரர்லெஸ்ஸில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. மிச்சமுள்ள 27.46 மி.மீட்டரை ஒரு காலிக் குழாய் நிரப்பிவிடுகிறது. அடாப்டர் என்று விற்பது அந்தக் குழாயைத்தான். உள்ளே கண்ணாடி கிடையாது, கெட்டுப்போக ஒன்றும் கிடையாது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்குத்தான் பாவம், கணக்கு இடிக்கிறது. அதன் தூரம் 46.5 மி.மீ., மரை லென்ஸுக்கு வேண்டியதைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதல். அந்த ஒரு மில்லிமீட்டரால் தூரத்துக் கோபுரம் ஃபோகஸுக்கு வராது.

ஹீலியோஸை எல்லோரும் தேடுவது அது தரும் சுழலுக்காக. எஃப்/2இல் திறந்துவைத்து, ஆளை ஒன்றரை இரண்டு மீட்டரில் நிறுத்தி, பின்னால் இலை இடுக்கில் வெளிச்சம் சொட்டுகிற புங்கமரம் கிடைத்தால், பின்னணி முழுவதும் ஆளைச் சுற்றிச் சுழல்வதுபோல் விழும். ஓரங்களில் சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் உடம்பே பாதி மறைத்துவிடுவதால், வட்டமாக விழ வேண்டிய ஒளிப்புள்ளிகள் எலுமிச்சை வடிவில் நசுங்குகின்றன. ஓரத்தில் லென்ஸ் செய்யும் பிற பிழைகளும் சேர்ந்து சுழலை அழுத்தமாக்குகின்றன. அதாவது அன்றைய வடிவமைப்பாளர் குறை என்று எண்ணிய ஒன்றுக்கு இன்று நாம் காசு கொடுக்கிறோம். சிறிய சென்சார் உள்ள கேமராவில் அந்த ஓரமே படத்துக்குள் வராது, சுழலும் பாதி போய்விடும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் அநேகம்.

எனக்கு அந்தச் சுழல் சீக்கிரமே அலுத்துவிட்டது. எல்லாப் பெண்களையும் ஒரே புங்கமரத்தடியில் நிறுத்தியதுபோல் இருக்கும். எஃப்/5.6க்கு மூடினால் ஹீலியோஸ் ஒழுங்கான, கூர்மையான, அடக்கமான லென்ஸ். மூடி எடுத்த படங்களே என்னிடம் அதிகம். இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும்: இந்த லென்ஸ்களில் சிப் இல்லாததால் படக் கோப்பில் லென்ஸின் பெயர் பதிவாகாது. மாதங்கள் கழித்துப் பார்க்கையில் எது ஹீலியோஸில் எடுத்தது, எது புது லென்ஸில் எடுத்தது என்று பெரும்பாலான படங்களில் எனக்கே தெரிவதில்லை. நண்பர்களுக்கும் தெரிவதில்லை. பழைய கண்ணாடியின் ஆன்மா பற்றி நீளமாகப் பேசுபவர்களிடம் இந்தச் சோதனையை ஒருமுறை வைத்துப் பார்க்கலாம்.

கையால் ஃபோகஸ் செய்வது நம்மை நிதானமாக்கும், தியானம் மாதிரி என்றும் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மயிலாப்பூரில் அறுபத்து மூவர் நாளில் மாடவீதிக்குள் நுழைந்து பாருங்கள். சப்பரம், குடை, பலூன்காரர், மோர்ப்பந்தல், தோளில் குழந்தையோடு அப்பாக்கள். ஆட்டோ ஃபோகஸ் எந்த முகத்தைப் பிடிப்பது என்று தடுமாறும் கூட்டம். நிக்கானின் பழைய 28 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து, தூர வளையத்தை மூன்று மீட்டரைச் சற்றுத் தாண்டி நிறுத்திவிட்டால், முழு ஃபிரேம் கேமராவில் சுமார் 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவு. அதற்குப் பிறகு வளையத்தைத் தொடவே வேண்டியதில்லை. அமுக்கினால் படம். இதைவிட வேகமான ஃபோகஸ் இன்னும் வரவில்லை. இந்தக் கணக்கு லென்ஸின் உடம்பிலேயே பொறித்திருக்கிறது: அடி, மீட்டர் என்று இரண்டு வரிசை, நடுக்குறியின் இருபுறமும் எஃப் எண்களுக்கான கோடுகள். இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அதைத் துடைத்தே விட்டார்கள். என்னைப் பொறுத்தவரை பழைய லென்ஸில் நாம் இழந்த பொருள் அந்தக் கோடுகள்தாம்.

திறந்த அபெர்ச்சரில் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை எஃப்/2இல் நம்பாதீர்கள், இமையைக் காட்டிவிட்டு மூக்கில் நிற்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே வளையத்தைத் திருப்ப வேண்டும். கேமராவில் அதிர்வுத் தடுப்பு இருந்தால், 58 என்றோ 28 என்றோ நாமே அதற்குச் சொல்லிவைக்கவும் வேண்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படிந்திருப்பதைக் காட்டி ஹீலியோஸ் 44-2ஐ மட்டம் தட்டுவார்கள். தானியங்கி அபெர்ச்சர் உள்ள லென்ஸில் அது பெரிய குறைதான், இதழ்கள் ஒட்டிக்கொண்டு தாமதமாக மூடும். 44-2இல் இதழ்களை நம் கைதான் வளையம் திருப்பி மூடுகிறது, எண்ணெய் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பேரம் பேசி வாங்கிவிடலாம். முன்கண்ணாடியில் சின்னக் கீறலும் பரவாயில்லை. பின்கண்ணாடிக் கீறல்தான் படத்தில் அதிகம் தெரியும்.

ஆசாஹியின் சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 தேநீர் நிறத்தில் பழுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். ஏழு கண்ணாடிகள் கொண்ட பிற்கால வடிவத்தில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு; கதிர்வீச்சால் அது தானே மஞ்சளிக்கும். புற ஊதா ஒளி பட்டால் மெல்லத் தெளியும். நம் வெயிலுக்கு அது அற்ப வேலை. ஆனால் மாடியில் வைக்கும்போது பின்புறத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் சூரியனைக் குவித்து எதையாவது பொசுக்கிவிடும். கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. தலையணைக்கடியில் வைத்துத் தூங்க வேண்டிய அவசியமும் இல்லை.

காப்பதற்குப் பெரிய செலவு வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் இடையே நின்றால் நிம்மதி. அதற்கும் மிகக் கீழே போனால் உள்ளே இருக்கும் கிரீஸ் காயும். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும், ஆனால் சமையல் வாணலியை அதற்கு எடுக்காதீர்கள். அந்த நீலம் கோபால்ட் உப்பு.

உங்கள் வீட்டிலும் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ ஒரு கேமரா தோல் உறைக்குள் இருக்கலாம். எடுத்ததும் பின்கதவைத் திறந்துவிடாதீர்கள், பாதி எடுத்த பிலிம் உள்ளே இருந்தாலும் இருக்கும். லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் படராமல் இருந்தால் அதற்கு இன்னும் பல பத்தாண்டு ஆயுள் இருக்கிறது. நீங்கள் படமெடுக்கப் போவதில்லை என்றால், மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கும் அக்கா மகளுக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ கொடுத்துவிடுங்கள். கூடவே அடாப்டர் வாங்கக் கொஞ்சம் பணமும்.